எட்டு வருஷமும் பத்து மணி நேரமும்

பாரிஸ் நகரத்திற்கும் சென்னைப் பட்டணத்திற்கும் இடையே ஆகாய மார்க்கமாக உள்ள தூரம் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காது பறக்கும் விமானம் இத்தூரத்தைச் சுமார் பத்து மணி நேரத்தில் கடந்துவிடும். சென்னையிலிருந்து கடலோரச் சாலையில் 150 கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. பாரிஸில் இரவு உணவை முடித்துக்கொண்டு புறப்படும் ஒருவர் மறுநாள் மாலைக்குள் வில்லியனூர்த் தேரடியிலோ பாகூர் ஏரிக்கரையிலோ வந்து நிற்கலாம். பிரான்ஸில் உறவினரை உடைய குடும்பங்கள் பல வாழும் இக்கொம்யூன்களில் இதை எவரும் அதிசயமென்று கருதுவதில்லை.

இதே பிரயாணத்தை எட்டு வருஷமும் ஒரு நாளும் செய்து முடித்த ஒருவருடைய சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர் கியோம் லெ ஜான்தி என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி. வானசாஸ்திரம் கற்போரிடையே உலகெங்கும் பெயர் பெற்றவர். சந்திர மண்டலத்தில் ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் வழங்குகிறது. ஆயினும் அவர் இரண்டு வருஷம் குடியிருந்த நமது ஊரில், அவர் பெயரைச் சொன்னால் அறிந்தவர் சிலரே.

லெ ஜான்தி 1725-ஆம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி நார்மண்டிப் பிரதேசத்தில் கூத்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். பாதிரியாராகும் நோக்கத்துடன் பாரிஸுக்குப் படிக்கச் சென்றவர், தெலில் என்னும் ஆசிரியரின் வானசாஸ்திரப் பிரசங்கங்களைக் கேட்டு அத்துறையில் மனம் பறிகொடுத்தார். பாரிஸ் வானாராய்ச்சிக் கூடத்தில் பயின்று, 1749-இல் ஆண்டிரோமீடா மண்டலத்தின் அருகே ஒரு சிறு ஒளிமேகத்தைக் கண்டுபிடித்தார். 1753-இல் விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினரானார்.

அக்காலத்து வானசாஸ்திரிகளுக்கு ஒரு பெருங் குறை இருந்தது. கிரகங்களின் தூரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு விகிதமாகச் சொல்ல அவர்களால் முடிந்தது. ஆனால் பூமியிலிருந்து சூரியன் இத்தனை காதம் என்று அளவிட்டுக் கூற முடியவில்லை. அதற்கு வழி காட்டியவர் ஆங்கிலேய வானசாஸ்திரியாகிய ஹாலி. சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்வதைப் பூமியில் வெகு தூரம் விலகிய பல இடங்களிலிருந்து பார்த்து, நேரத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், சூரியனுடைய தூரம் வெளிப்படும் என்று அவர் 1716-இல் எழுதினார். விரலை முகத்திற்கு நேரே நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால், பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் பெயர்வது போலத் தோன்றுமல்லவா? தத்துவம் அதுவே. பூமியின் இரு கோடிகள் இரு கண்கள், சுக்கிரனே விரல், சூரியனே சுவர். ஆனால் இச்சந்தர்ப்பம் நினைத்தபோது வாய்ப்பதன்று. எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு வருஷத்திற்கு மேல் வராது. ஹாலிக்குப் பின் வரவேண்டியவை 1761-ஆம் வருஷமும் 1769-ஆம் வருஷமும் ஆகும்.

அந்நிகழ்ச்சியைக் காணப் பல தேசத்துச் சாஸ்திரிகள் திக்குக்கு ஒருவராகப் புறப்பட்டனர். சைபீரியாவுக்கு ஒருவர் சென்றார். நன்னம்பிக்கை முனையில் இருவர் நின்றனர். செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் ரோட்ரிகஸ் தீவுக்கும் சிலர் சென்றனர். லெ ஜான்திக்கு விதிக்கப்பட்ட இடம் புதுச்சேரி.

1760-ஆம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி அவர் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டே இந்தியாவுக்கு வரவேண்டும். மொரீஷியஸ் என்று நாம் அழைக்கும் தீவை அவர் ஜூலை 10-ந் தேதி அடைந்தார். அதுவரை நேர்ந்த காலதாமதம் அக்காலத்திற்கு இயல்பானதே. அதற்கு அப்பால் அவரை மறித்தது தூரமன்று, யுத்தம்.

இங்கிலாந்தும் பிரான்ஸும் அப்போது உலகத்தின் நான்கு மூலைகளிலும் போரிட்டுக்கொண்டிருந்தன. ஐரோப்பாவில் மூண்ட அச்சண்டையின் பலனை அநுபவித்தவர்கள் நம் நாட்டுக் குடியானவர்கள். 1749-இல் சந்தா சாகிப் காலத்தில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. 1752-இல் பாகூரில் இரு வெள்ளையர் சேனைகளும் மோதின. 1760-இல் ஆங்கிலேயர் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்துப் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். விளைச்சல் தரும் கிராமங்கள் எதிரியின் கையில் சிக்கவே, நகரம் பட்டினியால் வாடி 1761-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி வீழ்ந்தது. கோட்டை கொத்தளங்களையும் மாளிகைகளையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். எவர் வென்றாலும் எவர் தோற்றாலும், வயல் மிதிபட்டவனும் வரி கொடுத்தவனும் இந்த மண்ணின் உழவனே.

இச்செய்தி மொரீஷியஸை எட்டவில்லை. எட்டாமலே மார்ச்சு மாதத்தில் ஒரு போர்க்கப்பல் இந்தியாவை நோக்கிப் புறப்பட, லெ ஜான்தியும் அதில் ஏறினார். பருவக்காற்று மாறிவிட்டதால் கப்பல் வாரக்கணக்காகக் கடலில் அலைந்தது. மே மாதத்தில் மலையாளக் கரையில் மாஹேக்கு அருகே வந்தபோதுதான், மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமான செய்தி கிடைத்தது. கப்பல் தலைவர் உடனே மொரீஷியஸுக்குத் திரும்பக் கட்டளையிட்டார். ஜூன் 6-ந் தேதி வானம் மாசு மறுவற்று விளங்கிற்று. சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்ததை லெ ஜான்தி கப்பலின் மேல்தளத்தில் நின்று கண்ணாரக் கண்டார். ஆனால் ஆடும் கப்பலில் கடிகாரம் சரியாக ஓடாது. கடல் நடுவே தாம் நிற்கும் இடத்தின் தீர்க்க ரேகையும் திட்டமாகத் தெரியாது. காலமும் இடமும் நிச்சயமில்லாத சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. சாஸ்திர சபையிலும் செல்லாது. அதே தினத்தில் சென்னையில் கவர்னர் மாளிகையிலிருந்து வில்லியம் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இந்நிகழ்ச்சியைத் தரையில் நின்று அளந்து குறித்தார்.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். லெ ஜான்தி, அடுத்த சந்தர்ப்பத்திற்கு எட்டு வருஷம் இருக்கிறது, அதுவரை இந்துமகா சமுத்திரத்திலேயே தங்குவதென்று தீர்மானித்தார். மடகாஸ்கர் முதலிய தீவுகளின் கரைகளை அளந்து படம் வரைந்தார்; காற்றுகளையும் நீரோட்டங்களையும் ஆராய்ந்தார். 1769-ஆம் வருஷத்து நிகழ்ச்சிக்குப் பிலிப்பைன் தீவுகளே ஏற்றவை என்று கணித்து, 1766-இல் மணிலாவை அடைந்தார். அங்கே ஸ்பானிய ஆளுநர் அவரை நம்பவில்லை. சிபாரிசுக் கடிதங்களையும் சந்தேகித்தார். இதற்கிடையே சமாதான உடன்படிக்கையின்படி புதுச்சேரி 1765-இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்திருந்தது. விஞ்ஞானக் கழகத்தார் புதுச்சேரியையே விரும்பினர். அவர் மணிலாவை விட்டுப் புறப்பட்டு, 1768-ஆம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி புதுச்சேரியில் கரையிறங்கினார்.

பிரெஸ்டில் கப்பலேறியது 1760 மார்ச்சு 26; புதுச்சேரியில் கால் வைத்தது 1768 மார்ச்சு 27. இன்று பத்து மணி நேரத்தில் கடக்கும் இடைவெளிக்கு 70,000 மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அப்பெருங்காலத்தில் கப்பல் ஓட்டத்திற்கு உரிய பங்கு சிறிது. தேசங்களின் பகைமையே பெரும்பகுதியை விழுங்கிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கவர்னர் லோ தெ லோரிஸ்தோன் அவரை அன்புடன் வரவேற்று, இடிந்து கிடந்த கோட்டையின் மீதே ஒரு வானாராய்ச்சிக் கூடம் கட்டிக் கொடுத்தார். அதன் அடியில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்தது. நாட்டை அழிக்கும் பொருளின் தலைமேல் அமர்ந்து வானத்தை அளந்தவர் அவர். முன்பு பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயரே அவருக்கு ஒரு நல்ல தூரதிருஷ்டிக் கண்ணாடியை இரவல் அளித்தனர்.

முதல் வேலையாகப் புதுச்சேரியின் தீர்க்க ரேகையை நிச்சயித்தார். வியாழனைச் சுற்றும் சந்திரன்கள் அக்கிரகத்தின் நிழலில் மறையும் கணம் உலகெங்கும் ஒன்றே. அக்கணத்தில் பாரிஸில் மணி என்ன, புதுச்சேரியில் மணி என்ன என்று ஒப்பிட்டால் இரண்டு நகரங்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது விளங்கும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 77½ பாகை. சூரியக் கணக்கில் 5 மணி 10 நிமிஷ வித்தியாசம். காலால் கடக்க எட்டு வருஷமான தூரத்தைக் கணக்கால் கடக்க வானமே உதவிற்று.

1769-ஆம் வருஷம் மே மாதம் முழுவதும் காலைப் பொழுதுகள் தெளிவாயிருந்தன. ஜூன் 3-ந் தேதி இரவில் கவர்னரும் அவரும் சேர்ந்து வியாழனைப் பார்த்து மகிழ்ந்தனர். சுக்கிரன் சூரியனைக் கடப்பதன் கடைசிப் பகுதி 4-ந் தேதி சூரியோதயத்திலிருந்து ஏறக்குறைய ஏழு மணி வரை புதுச்சேரியில் தெரிய வேண்டும். நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குக் காற்று திரும்பிற்று. மேகம் திரண்டது, விடியற்காலையில் புயற்காற்று வீசிற்று. சுக்கிரன் சூரியனை விட்டு விலகும் வரை சூரியன் வெளிப்படவேயில்லை. எல்லாம் முடிந்த பின்னர் மேகம் கலைந்து அன்று பகல் முழுவதும் வெயில் எரித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாயிருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தார். அடுத்த சந்தர்ப்பம் 1874-இல். அதற்கு மனித ஆயுள் போதாது. இரண்டு வாரத்திற்கு மேல் பேனாவைத் தொடவே அவருக்கு மனம் துணியவில்லை.

இவ்வளவோடு லெ ஜான்தியின் கதையைப் பலர் நிறுத்திவிடுகின்றனர். துரதிருஷ்டத்திற்கு உதாரணமாக அவரைக் காட்டி நகைப்பவரும் உண்டு. நமது அபிப்பிராயத்தில், அவர் புதுச்சேரியில் செய்த காரியங்களில் மிகச் சிறந்தது அன்று காலையில் தவறிப்போனது அன்று. அதற்கு முன்னும் பின்னும் காத்திருந்த காலத்தில் செய்ததேயாம்.

அவர் நம் நாட்டுக் கணிதர்களிடம் மாணவராக அமர்ந்தார். கிரகணம் கணிக்கும் தமிழர் முறையைக் கற்றார். 1765-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபோது, உண்மைக்கு 41 விநாடி மட்டுமே குறைந்தது. ஐரோப்பாவில் அக்காலத்தில் மிகச் சிறந்ததென்று மதிக்கப்பட்ட மாயருடைய பட்டியலின்படி கணித்ததோ 68 விநாடி மிகுந்தது. இதை மறைக்காமல் உலகுக்கு எழுதினார் லெ ஜான்தி. அவரும் அக்காலத்து ஐரோப்பியரே. நம்மவரைப் பற்றிய அவருடைய தீர்ப்புகள் யாவும் நமக்கு உவப்பாயிரா. ஆயினும் கண்ட உண்மையைத் தம்மவருக்குப் பாதகமாயிருப்பினும் பதிவு செய்தார் என்னும் பெருமை அவருக்கு உண்டு. அவர் சேகரித்ததைக் கொண்டு பாயி என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்திய வானசாஸ்திரத்தைப் பற்றி 1787-இல் பெருநூல் வெளியிட்டார்.

வில்லியனூர்த் திருக்காமேசுவரர் ஆலயத்தையும் அவர் ஆராய்ந்து எழுதினார். புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தின் அருகே ஒரு பழைய கற்சிலையையும், பெரிய செங்கற்களாலாகிய சுவர்களையும் கிணறுகளையும் கண்டு குறிப்பு வைத்தார். அவ்விடமே, ரோமாபுரியோடு தமிழர் நடத்திய கடல் வாணிகத்திற்குச் சான்றாக 1945-இல் வீலர் அகழ்ந்து காட்டிய அரிக்கமேடு. சூரியனைத் தேடி வந்தவர் நம் காலடி மண்ணையும் கவனித்தார்.

நோயுற்ற உடம்புடன் 1770-ஆம் வருஷம் மார்ச்சு முதல் தேதி புதுச்சேரியை விட்டார். மொரீஷியஸிலிருந்து ஏறிய கப்பல் புயலில் சேதமுற்றுத் திரும்பிற்று. பிறகு ஒரு ஸ்பானியப் போர்க்கப்பலில் காதிஸ் துறைமுகம் சேர்ந்து, பிரனீஸ் மலையைக் கடந்து 1771-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி தாயகத்தில் கால் வைத்தார். வெளியே கழிந்தவை 11 வருஷமும் 6 மாதமும் 13 நாளும்.

ஊரில் அவர் இறந்தவராகக் கருதப்பட்டிருந்தார். வாரிசுகள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். விஞ்ஞானக் கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி, அறிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தகவல் எட்டாவிடில் அவர் உயிருடன் இருக்கிறார் என்று சாதிப்பவர் மீதே ருஜுப் பொறுப்பு என்று நம் நாட்டுச் சாட்சியச் சட்டமும் கூறுகிறது. சட்டம் கேட்பது செய்தியை; செய்தி கடலில் அமிழ்ந்தால் மனிதரும் இறந்தவராகிறார். உயிரோடு வந்து நின்றும், இழந்த பணத்திற்காக அவர் தொடுத்த வழக்கு தோற்றது. கழகத்தில் மட்டும் மீண்டும் இடம் கிடைத்தது. அவர் மனைவி வேறு மணம் புரிந்துகொண்டாள் என்று சிலர் எழுதுவது கட்டுக்கதை. அவர் திரும்பி வந்த பின்னரே விவாகம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 1779-லும் 1781-லும் தமது பிரயாண நூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1792-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி காலமானார்.

அவர் பார்க்கத் தவறியதை உலகம் இழந்துவிடவில்லை. மற்றோர் குறித்து வைத்த கணக்குகளைக் கொண்டு லாலாந்து என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி சூரியனுடைய தூரம் ஏறக்குறைய 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று 1771-இல் முடிவு கட்டினார். இன்று நாம் அறிந்த தூரம் 14 கோடியே 96 லட்சம். ஒருவர் தோற்ற இடத்தில் பலர் கூடி வெல்வது சாஸ்திரத்தின் இயல்பு. ஆனால் நம் கணிதர்களைப் பற்றி லெ ஜான்தி எழுதி வைத்ததை வேறொருவர் அன்று எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

இங்கேதான் இச்சரித்திரம் நம்மை நோக்கித் திரும்புகிறது. ஜான் வாரன் என்பவர் 1825-இல் வெளியிட்ட நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றிக் கூறுகிறார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதன் தொடக்கம் நான்கு நிமிஷ வித்தியாசத்தில் பொருந்திற்று. பல நூற்றாண்டுகளாக வாய்மொழியாய் வந்த இவ்வித்தை இன்று நம் கிராமங்களில் எத்தனை பேரிடம் உள்ளது? நமது பாட்டனார் அறிந்ததை நாம் அறிய ஒரு பிரெஞ்சுக்காரருடைய நூலையும் ஒரு கும்பினி உத்தியோகஸ்தருடைய நூலையும் புரட்ட வேண்டியிருக்கிறது. பெருமை பேசுவதற்கு முன் இதற்காக நாம் சிறிது நாணுவது தகும்.

பாகூர் எளிய ஊரன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில் அங்கிருந்த வித்யாஸ்தானத்திற்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்லுகின்றன. அத்தகைய ஊர்களில் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் ஏடுகள் கிடக்கக் கூடும். புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் சைவ ஏடுகளைத் திரட்டிக் காத்தது. அவை 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. அவ்வாறே கணித ஏடுகளையும் பஞ்சாங்கக் கணக்கு முறைகளையும் தேடிச் சேர்ப்பது வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலுள்ள பள்ளிக்கூடங்களும் வாசகசாலைகளும் செய்யத்தக்க வேலை. அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. முதியோரிடம் அமர்ந்து கேட்கும் பொறுமையும், கேட்டதை எழுதும் பழக்கமும் போதும்.

பத்து மணி நேரத்தில் வந்திறங்குவோர் இரண்டு நாளில் திரும்பிவிடுகின்றனர். ஊரை அவர்கள் பார்க்கிறார்கள், அறிவதில்லை. நாமோ பிறந்தது முதல் இங்கேயே இருந்துகொண்டும் நம் ஊரை அறியாதிருக்கிறோம். தூரத்தை யந்திரம் குறைத்துவிட்டது. அறிவதற்கு வேண்டிய காலத்தை எந்த யந்திரமும் குறைத்துத் தராது. சுக்கிரன் இனிச் சூரியனைக் கடப்பது 2117-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில். அப்போது நம் சந்ததியார் வானத்தை நோக்கும் வேளையில், தங்கள் முன்னோர் வானத்தை எவ்வாறு கணித்தனர் என்பதை அயலாரைக் கேளாமல் தமிழிலேயே படித்தறியும்படி செய்து வைப்பது நமது கடமை.